பேஷ்வா காலத்துக் கத்தியா?

புனே நகரில் ஜூனா பஜார் என்றொரு பழம்பொருட் சந்தை உண்டு. புதன், ஞாயிறு ஆகிய கிழமைகளில் அது கூடும். பூட்டு, விளக்கு, கடிகாரம், பித்தளைப் பாத்திரம் என்று மக்கள் புழங்கிக் கழித்த பொருள்கள் அங்கே தரையில் பரப்பப்பட்டிருக்கும். இத்தகைய சந்தை ஒன்றில் ஒரு மடக்குச் சவரக்கத்தி நம் கையில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். “இது பேஷ்வா காலத்தது” என்று ஒருவர் நம்மிடம் சொல்கிறார். பேஷ்வாக்களின் தலைநகராக விளங்கிய ஊரில் இத்தகைய சொல்லுக்குக் கவர்ச்சி அதிகம். அதை நம்புவதா, மறுப்பதா? கத்தியையே கேட்டுப் பார்ப்பது நலம்.

முதலில் நாம் காண வேண்டியது, அலகுக்கும் கடையாணிக்கும் இடையே உள்ள தண்டுப் பகுதி. செய்தவர் பெயரும் ஊரும் பொதுவாக அங்கேதான் பதிக்கப்பட்டிருக்கும். நம் கத்தியில் ‘ஷெபீல்டு, இங்கிலாந்து’ என்ற சொற்களும், அலகின்மேல் ‘வெள்ளி எஃகு’ என்ற சொற்களும் ஆங்கிலத்தில் காணப்படுகின்றன என்று கொள்வோம். இவ்விரண்டுமே காலத்தைக் கூறும் சாட்சிகள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குகளில் அவை பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் ஒரு சுங்கச் சட்டம் இயற்றியது. அதன்பின் ஷெபீல்டுக் கொல்லர்கள் ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரையும் பதிப்பது பெருவழக்காயிற்று. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருப்பின், அக்கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டதாகும். இது முடிந்த முடிபன்று. ஆயினும் வலிமையான குறிப்பு. பேஷ்வா ஆட்சியோ 1818-இலேயே முடிந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சில கத்திகளில் நிறுவனம் தொடங்கிய ஆண்டு பதிக்கப்பட்டிருக்கும். அது தொழிற்சாலையின் வயதே தவிரக் கத்தியின் வயதன்று. பாட்டன் பிறந்த ஆண்டைப் பேரனுக்குச் சூட்டுதல் தகுமா?

‘வெள்ளி எஃகு’ என்ற பெயர் நம்மை வேறொரு வரலாற்றுக்கு அழைத்துச் செல்கிறது. 1794-இல் பம்பாயிலிருந்த ஹெலினஸ் ஸ்காட் என்னும் மருத்துவர், இந்திய எஃகின் மாதிரிகளை லண்டனில் ராயல் சங்கத் தலைவரான ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். அதனை அவர்கள் ‘ஊட்ஸ்’ என்றழைத்தனர். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு உறவுடையது அப்பெயர். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கத்தித் தொழிலாளர் இந்த எஃகால் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்து, ஐரோப்பிய எஃகினும் இதுவே சிறந்ததென விளம்பரமும் செய்தார். இதன் இரகசியத்தை அறியும் ஆவலில் அவரும் விஞ்ஞானி மைக்கேல் பாரடேயும் எஃகோடு பல உலோகங்களைக் கலந்து சோதித்து, 1820-இலும் 1822-இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். வெள்ளி கலந்த எஃகும் அவற்றுள் ஒன்று. அப்பெயர் சவரக்கத்திகளில் பரவியது அதற்குப் பின்னரே. பெயர் இருப்பதால் வெள்ளி கலந்திருக்கிறது என்று துணிந்துவிட இயலாது. வணிகர்கள் பெயரை எளிதில் கடன் வாங்குவர். ஆயினும் அந்நியச் சரக்கு என்று நாம் எண்ணும் கத்தியின் பின்னே நம் நாட்டு உலைக்களத்தின் புகழ் மறைந்து நிற்பதை எண்ணி மகிழலாம்.

இனி உருவத்தைக் காண்போம். அலகின் குறுக்குவெட்டு ஆப்பைப் போல் கனத்திருந்தால், அது பெரும்பாலும் பழைய முறை. இருபக்கமும் குடைந்து மெலிதாக்கப்பட்டிருந்தால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டதாகக் கொள்ளலாம். கைப்பிடி கொம்பா, தந்தமா, செல்லுலாய்டா என்பதும் நோக்கத்தக்கது. செல்லுலாய்டு 1870-ஐ ஒட்டி வழக்கிற்கு வந்த பொருள். அது முதுமையில் சிதைந்து அமில ஆவியை வெளியிட்டு அலகையே அரித்துவிடும். தந்தமாயின், அதை வாங்குவதும் விற்பதும் நம் நாட்டில் சட்டத்துக்கு மாறானவை. கைப்பிடி பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கவும் கூடும். எனவே அதனை மட்டும் கொண்டு காலத்தைக் கணித்தல் ஆகாது.

பின்னர் மதிப்பைப் பார்க்க வேண்டும். அலகின் முதுகில் துரு இருப்பது பெருங்குறையன்று. கூர்விளிம்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அக்கத்தி சவரத்துக்கு உதவாது. விளிம்பில் மயிரிழை போன்ற பிளவு இருப்பினும் அவ்வாறே. மின்சாரச் சாணையில் பிடித்துப் பளபளப்பாக்கிய கத்தியில் நீலம் பாய்ந்திருந்தால், எஃகு தன் உறுதியை இழந்துவிட்டது என்று அறியலாம். பளபளப்பைக் கண்டு ஏமாறலாகாது. மங்கலான கத்தியே பல வேளைகளில் மாசற்ற சான்று. மெல்லிய துணியால் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வைப்பதே போதும்.

ஆகவே நம் கத்தி பேஷ்வா காலத்ததன்று. அதனால் அதன் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மராட்டிய நாட்டில் சவரக்கத்தியே ஒரு பெரும் வழக்கின் நடுவே நின்றது. உயர்சாதிக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணின் தலையை, அவள் சிறுமியாயினும், மழித்துவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அந்தத் தண்டனையை நிறைவேற்றிய கருவி நாவிதரின் அடப்பத்தில் இருந்த கத்தியே. புனேயில் ஜோதிராவ் பூலே நிறுவிய சத்திய சோதக சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே, 1890-இல் பம்பாயில் நாவிதர்களைக் கூட்டினார். விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். கூலியை இழக்கத் துணிந்து எளிய தொழிலாளர் எடுத்த முடிவு அது. அவ்வாண்டே பண்டித ரமாபாயின் சாரதா சதனம் புனேக்கு வந்தது. அங்கே பயின்ற இளம் விதவை கோதுபாயை 1893-இல் மணந்த கார்வே, 1896-இல் புனேயில் விதவையர் இல்லம் தொடங்கினார். ஆயினும் அவ்வழக்கம் உடனே மறையவில்லை. 20-ஆம் நூற்றாண்டிலும் சில காலம் நீடித்தது.

நம் கையிலுள்ள கத்தி எந்தச் சிறுமியின் கூந்தலை வீழ்த்தியது, எந்த நாவிதர் அதைக் கீழே வைத்தார் என்று கத்தி சொல்லாது. அதைச் சொல்வதாக நாம் கதை புனைதலும் தவறு. அது பேஷ்வா கதையைப் போன்ற மற்றொரு பொய்யாகவே முடியும். அது எக்காலத்துக் கருவி என்று நிறுவுவதே நம் கடமை. நிறுவியபின் அக்காலமே பேசத் தொடங்கும்.

புனேயில் தினகர் கேல்கர் என்னும் அன்பர் 1920-ஐ ஒட்டித் தொடங்கி, பாக்குவெட்டி, விளக்கு, சீப்பு போன்ற வீட்டுப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இளமையில் மறைந்த தம் மைந்தன் ராஜாவின் நினைவாக அமைந்த அக்காட்சிசாலையை 1975-இல் அரசுக்கே அளித்தார். அரசர்களின் வாளுக்குக் கிடைக்கும் மரியாதை எளியோரின் கருவிக்கும் உரியது என்பது அவர் காட்டிய வழி. நம் வீட்டுப் பரணிலும் பாட்டனாரின் சவரக்கத்தி ஒன்று கிடக்கலாம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குமுன், அதன் தண்டில் உள்ள எழுத்தைப் படித்து, அது யாருடைய கையில் இருந்தது என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைப்போமாக.