கிராம சபை

கிராம சபை என்பது ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராக உள்ள பொது அவை. மக்களவையிலும் சட்டப்பேரவையிலும் மக்களுக்காகப் பிரதிநிதிகள் பேசுகிறார்கள். இங்கே மக்களே பேசித் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றத்துக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் உண்டு; சபைக்குத் தேர்தலும் இல்லை, பதவிக்காலமும் இல்லை.

சட்ட அடிப்படை

ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 40ஆவது உறுப்பு கூறுகிறது. அது வழிகாட்டு நெறி மட்டுமே என்பதால் பல மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. சபையின் அதிகாரங்களை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் அவற்றை வரையறுக்கிறது.

கூட்டமும் நடைமுறையும்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் சபை கூடிவந்தது. பின்னர் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஊராட்சி மன்றத் தலைவர் தலைமை ஏற்பார். ஊராட்சியின் வரவு செலவு, வளர்ச்சித் திட்டம், தணிக்கை அறிக்கை, நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் முதலியவை சபையின் முன் வைக்கப்படும். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எவ்வளவு செலவானது என்று எந்த உறுப்பினரும் எழுந்து கேட்கலாம். தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டுக் கையொப்பம் பெறப்படும்.

முன்வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியம் எனப்பட்ட குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று அவை விதிக்கின்றன. ஆனால் உத்தரமேரூர்ச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் மற்றச் சாதியினருக்கும் அங்கே இடமில்லை. அனைவருக்கும் வாக்குரிமை என்பது குடியரசு தந்த உரிமை.

நியம்கிரி

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கும் திட்டம் குறித்து, வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகள் முடிவெடுக்க வேண்டும் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டோங்கிரியா கோந்து பழங்குடியினர் வாழும் அப்பகுதியில் கூடிய 12 சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. 2014இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது.

குடிமக்களின் பொறுப்பு

சபைக்குக் குறைந்தபட்ச வருகை வரம்பு உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ப அது மாறும். வருகை குறைந்தால் கூட்டம் சடங்காகிவிடும். கணக்கைப் படிக்காமல் கையொப்பமிட்டாலும் அப்படியே. 18 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதே இச்சபையில் உறுப்பினராவதற்கான முதல் படி.