ஏழாண்டுகள் லாச்சிக்குள் கிடந்த இசை

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு இசை பற்றிய தீர்மானமொன்றை வெளியிட்டது. ஷொஸ்டகோவிச், புரொகோபியேவ், கச்சத்தூரியன் முதலான இசையமைப்பாளர்கள் மக்களை விட்டு விலகி ‘உருவவாதத்தில்’ வீழ்ந்துவிட்டனர் என்பது குற்றச்சாட்டு. ஸ்டாலினின் நெருங்கிய சகாவான ஷ்தானொவ் இத்தாக்குதலை முன்னின்று நடத்தினார்.

அவ்வேளையில் டிமித்ரி ஷொஸ்டகோவிச் தமது முதலாவது வயலின் கொன்சேர்ட்டோவை எழுதிக்கொண்டிருந்தார். தீர்மானம் வந்த பின்னரும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை; மார்ச் மாதத்தில் எழுதி முடித்தார். ஆனால் அரங்கேற்றவில்லை. படைப்பு மேசை லாச்சிக்குள் போனது. அவ்வாண்டிலேயே லெனின்கிராட், மொஸ்கோ இசைக் கல்லூரிகளில் அவர் வகித்த பதவிகளும் பறிபோயின. பிழைப்புக்காகத் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். ஸ்டாலினைத் தெய்வமாக்கிய ‘பேர்லினின் வீழ்ச்சி’ அவற்றுள் ஒன்று. தணிக்கையின் கீழ் எழுதிப் பழகிய பத்திரிகையாளருக்கு இந்த இரட்டை வாழ்வைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வயலின் கொன்சேர்ட்டோ என்றால் பெரும்பாலும் மூன்று பகுதிகள், கம்பீரமான தொடக்கம், கலைஞரின் விரல் வித்தைக்கு இடம் என்பதே மரபு. இதிலோ நான்கு பகுதிகள். முதலாவது பகுதி, விடியாத ஓர் இரவைப் போல் மெல்ல நகர்கிறது. வாத்தியக் குழுவில் ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் இல்லை. ஆகவே பளபளப்புக்கு இடமின்றி, டியூபாவின் கனத்த முழக்கம் அடியில் கிடக்கிறது. இரண்டாம் பகுதி குத்தலும் கேலியும் நிறைந்த வேகம். அதனிடையே யூதக் கிராமிய நடனத்தின் சாயல் எழுகிறது. யூத விரோதம் அரச கொள்கையாகத் தலைதூக்கிய வேளையில் இது துணிச்சலான காரியம். தமது பெயரின் எழுத்துகளைக் குறிக்கும் நான்கு சுரங்களை, ஏறக்குறைய அதே உருவில், அவர் இங்குதான் முதலில் நுழைக்கிறார்.

ஆயினும் இப்படைப்பின் உயிர் மூன்றாம் பகுதியிலேயே இருக்கிறது என்பேன். ‘பசகாலியா’ எனும் பழைய வடிவம் அது. பதினேழு தாளக்கட்டு நீளமான ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மீது வயலின் புலம்புகிறது. மெல்ல மெல்ல வாத்தியங்கள் யாவும் ஓய்கின்றன. பின்னர் பல நிமிடங்கள் வயலின் தன்னந்தனியே பேசுகிறது. முன்பு கேட்டவற்றை நினைவுகூர்ந்து, வேகம் கூடி, கொதித்து, நேரே இறுதிப் பகுதிக்குள் பாய்கிறது. நெற்றி வியர்வையைத் துடைக்கவேனும் சற்று அவகாசம் வேண்டுமென வயலின் மேதை டேவிட் ஒய்ஸ்ட்ராக் கேட்டுக்கொண்டதால், அவ்விறுதிப் பகுதியின் தொடக்கம் வாத்தியக் குழுவுக்கு மாற்றப்பட்டது.

ஸ்டாலின் 1953 மார்ச்சில் மறைந்தார். அதன்பின்னும் இரண்டரை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1955 ஒக்டோபர் 29ஆம் திகதி லெனின்கிராட்டில், ம்ராவின்ஸ்கியின் நெறியாள்கையில், ஒய்ஸ்ட்ராக் இதனை அரங்கேற்றினார். இரண்டு மாதங்களில் நியூயோர்க்கிலும் வாசித்தார்.

1948இல் இப்படைப்புக்குரிய வரிசை எண் 77. அச்சேறியபோது அது 99 ஆகியிருந்தது. புதிதாக எழுதியது போன்ற தோற்றம். பழைய இசைத்தட்டு உறைகளில் 99 என்ற எண்ணையே காணலாம்.