பதினோரு பைசாப் பொட்டலம்

1971. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தின் நூலக அறை. குளுக்கோஸையும் சாப்பாட்டு உப்பையும் சமையல் சோடாவையும் நிறுத்து நிறுத்துப் பாலித்தீன் பைகளில் போடுகிறார்கள். சூடேற்றிய இரும்பால் பையின் வாயை அழுத்தி ஒட்டுகிறார்கள். மருந்துக் கடையில் ‘ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பொட்டலத்தின் பிறந்த வீடு எது என்று கேட்டால் நான் இந்த அறையைத்தான் சொல்வேன்.

வங்கதேசப் போருக்குத் தப்பி எல்லை தாண்டிய அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ் பகுதியில் லட்சக்கணக்கில் அடைந்துகிடந்தார்கள். அங்கே வாந்திபேதி பரவியது. மருத்துவமனையில் காலராவுக்கென்று இருந்தது இரண்டு அறை, பதினாறு படுக்கை. மற்றவர்கள் தரையில் கிடந்தார்கள். ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமானால் வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும். குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அப்படித்தான் வேலை பார்த்தார். சலைன் பாட்டிலும் தீர்ந்துகொண்டே வந்தது.

காலராவில் ஆளைக் கொல்வது வறட்சி. முற்றிய நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறிவிடும். தண்ணீர் மட்டும் போவதில்லை. சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்து போகின்றன. நரம்பும் தசையும் இதயமும் ஓடுவது இந்த உப்புகளின் தயவில்தான். வெறும் தண்ணீர் கொடுத்தால் உடம்பில் தங்காது. வெறும் உப்புத் தண்ணீரும் வந்த வழியே போய்விடும். ஆனால் குடலின் உள்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே நுழைந்தால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். காலரா எவ்வளவு முற்றினாலும் இந்தக் கதவு மட்டும் பழுதாவதில்லை. சர்க்கரையைச் சேர்ப்பது ருசிக்காக என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதவின் சூட்சுமத்தை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே கரைசல் கொடுத்து, சலைன் தேவையைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1953இல், கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரைக் கொடுத்துத் தேற்றி, லான்செட் இதழில் எழுதியும் விட்டார். கவனிப்பார் இல்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

டாக்காவில் நடந்தது ஆய்வு; கூடவே இருந்து அளந்து பார்க்க ஆட்கள் உண்டு. போங்காவில் அந்த வசதி ஏது? மகலனாபிஸ் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. செலவு 11 பைசா. கரைசலைக் குழாய் வைத்த பீப்பாய்களில் ஊற்றிவைத்தார்கள். டம்ளரில் பிடித்துப் புகட்டியவர்கள் நோயாளியின் அம்மா, அண்ணன், மாமா. நூற்றுக்கு இருபது முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த நோயில், அவர் பொறுப்பிலிருந்த முகாமில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. மருந்தைக் கண்டுபிடித்ததைவிட, அதை வீட்டு மனிதர்களின் கையில் நம்பிக் கொடுத்ததுதான் பெரிய காரியம் என்பேன்.

பிறகு பொட்டாசியமும் சேர்ந்தது. 1980களில் வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று தாய்மார்களுக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தது. இன்றைய பெரிய பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதை ஒரே டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கையில் பதறுகிறது. அப்படிக் கொடுத்தால் கரைசல் உடம்பிலிருக்கும் நீரையே குடலுக்குள் இழுத்துவிடும்.

மகலனாபிஸுக்கு 2023 ஜனவரியில் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவர் 2022 அக்டோபரிலேயே காலமாகிவிட்டிருந்தார்.