மழைக் கணக்குக்கு எத்தனை பிராசஸர்?

சவ்வாது மலையில் மழை கொட்டினால்தான் செய்யாற்றில் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையிலுள்ள கலசப்பாக்கத்துக் கிணறுகள் ஊறும், சேடை ஓட்டி நடவுக்கு இறங்கலாம். இப்படிப்பட்ட மழையை முன்கூட்டியே அறியும் முயற்சிதான், பல பிராசஸர்கள் கூடி உழைக்கும் கணினிக்கு இந்தியாவை இழுத்துச் சென்றது.

1980களில் பருவமழைக் கணிப்புக்காக அமெரிக்காவிடம் இந்தியா கேட்டது கிரே எக்ஸ்-எம்பி 24 என்ற சூப்பர் கணினி. கிடைத்தது எக்ஸ்-எம்பி 14. பெயரின் முதல் இலக்கம் பிராசஸர்களின் எண்ணிக்கை. அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பயன்படுமோ என்ற அச்சத்தில் இரண்டு பிராசஸரை அமெரிக்கர்கள் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்.

அந்த மறுப்பு சுட்டது. 1988-ல் புனேயில் சி-டாக் என்ற கணினி ஆய்வு மையம் தொடங்கியது. விஜய் பட்கர் தலைமையிலான குழு, ராட்சத பிராசஸர் ஒன்றைத் தேடி அலையவில்லை; பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் விற்ற டிரான்ஸ்பியூட்டர் என்ற சிறு பிராசஸர்களை வாங்கி ஒன்றோடொன்று பிணைத்தது. 1991-ல் பரம் 8000 சூப்பர் கணினி பிறந்தது.

கலசப்பாக்கத்து வயலுக்கு இந்த உத்தி புதிதல்ல. ஒருத்தியே நட்டால் நாள்கணக்கில் இழுக்கும் கழனியை, பத்துப் பெண்கள் வரிசையாக இறங்கினால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் நூறு பேர் வந்தாலும் நாற்றங்காலில் நாற்று வளரும் நாட்கள் குறையாது. பங்கிட முடியாத வேலைதான் மொத்த வேகத்துக்கும் வரம்பு என்று கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967-ல் காட்டியதும் இதுதான்.

வீட்டுக் கணினிகள் இந்த வழிக்குத் தாமதமாகவே வந்தன. சிப்புக்குள் இருக்கும் பிராசஸரான கோர் ஒன்றையே மேலும் மேலும் விரட்டியதில் சிப் கொதித்தது. 2004-ல் தேஜஸ் என்ற சிப் திட்டத்தையே இன்டெல் கைவிட்டது. ஒரே சிப்பில் இரண்டு கோர்களை ஐபிஎம் 2001-லேயே பவர்4-ல் வைத்திருந்தது. 2005-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் டூயல் கோரை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன.

இன்று புனே வானிலை ஆய்வு நிறுவனத்தில் ஓடும் அர்கா சூப்பர் கணினி, 11.77 பெட்டாஃபிளாப் திறன் கொண்டது. 2025 மே மாதம் அறிமுகமாகி அர்காவில் ஓடும் பாரத் முன்கணிப்பு முறை, நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கட்டங்களைக் கோர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. காற்றும் ஈரமும் கட்டத்தின் எல்லை தாண்டும்போதெல்லாம் ஒரு கோர் பக்கத்துக் கோருக்குச் சேதி சொல்கிறது. சவ்வாது மலை உச்சிக்கு ஒரு கட்டம், கலசப்பாக்கத்துக் கழனிக்கு வேறொரு கட்டம்.