தனவந்தர் செல்வத்தில் ஏழையின் பங்கு: கலீபாக்கள் காலத்து விவாதங்கள்

செல்வத்தைப் பகிர்வது பற்றிப் பேச்செழுந்தால் எம்மில் ஒரு சாரார் அதனைப் பொதுவுடைமைக் கொள்கையென ஒதுக்கிவிடுவர். மற்றொரு சாரார், இஸ்லாம் சொன்னதும் இதுதானே என்று கூறி முடித்துக்கொள்வர். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே இது குறித்து ஸஹாபாக்களிடையே காரசாரமான விவாதங்கள் நடந்தன. அவற்றை இரு சாராரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

கி.பி. 632இல் நபி (ஸல்) அவர்கள் மறைந்ததும் சில அரபுக் கோத்திரங்கள் தொழுவோம், ஸகாத் தரமாட்டோம் என்றன. கலிமாச் சொன்னவர்களோடு எவ்வாறு போரிடுவது என்று உமர் (ரழி) அவர்களே தயங்கினார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் இணங்கவில்லை. நபியவர்களிடம் கொடுத்துவந்த ஓர் ஒட்டகக் கயிற்றை மறுத்தாலும் போரிடுவேன் என்ற உறுதியில் நின்றார்கள். ஸகாத் கொடுப்பவரின் தயவிலன்றிப் பெறுபவரின் உரிமையில் நிற்பது, அதனைப் பெற்றுக்கொடுப்பது ஆட்சியின் கடமை என்பன இதனால் நிலைநாட்டப்பட்டன.

அடுத்த விவாதம் நிலத்தைப் பற்றியது. உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் (634–644) ஈராக் வெற்றிகொள்ளப்பட்டபோது, யூப்ரடீஸ், தைகிரீஸ் நதிகள் பாயும் ஸவாத் விளைநிலங்கள் முஸ்லிம்களின் கைக்கு வந்தன. போரிட்டவர்கள் அவற்றைத் தமக்குப் பங்கிடுமாறு கேட்டனர். கைபர் நிலம் பங்கிடப்பட்ட முன்மாதிரியும் அவர்களுக்கு இருந்தது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ப் (ரழி) போன்ற வணிகர் மட்டுமல்ல, அடிமைத்தளையிலிருந்து மீண்ட பிலால் (ரழி) அவர்களும் பங்கீட்டையே வற்புறுத்தினார்கள். எனவே இதனைப் பேராசைக்காரர்களின் கோரிக்கையென்று தள்ளிவிட முடியாது.

உமர் (ரழி) அவர்களின் கேள்வி வேறு. இன்றே பங்கிட்டால் இனிப் பிறப்போருக்கு என்ன மிஞ்சும்? விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் எங்கிருந்து கொடுப்பது? அலி, உஸ்மான், தல்ஹா (ரழி) ஆகியோர் அவர்களை ஆதரித்தனர். அன்ஸாரிகளில் அவ்ஸ் கோத்திரத்தார் ஐவரையும் கஸ்ரஜ் கோத்திரத்தார் ஐவரையும் அழைத்து ஆலோசித்தார்கள். செல்வம் செல்வந்தருக்குள்ளேயே சுற்றிவரலாகாது எனும் கருத்துள்ள ஸூறதுல் ஹஷ்ரின் 7ஆம் வசனமும், பின்வரும் தலைமுறையினரைக் குறிக்கும் 10ஆம் வசனமும் அவர்களுக்கு ஆதாரமாயின. முடிவில் நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. உஸ்மான் பின் ஹுனைப் (ரழி) அதனை அளந்தார்கள். 3 கோடி 60 இலட்சம் ஜரீப் என்று இமாம் அபூயூஸுப் தமது கிதாபுல் கராஜில் பதிந்துள்ளார். அந்நிலத்தின் வரி பைத்துல் மாலுக்குச் சேர்ந்தது.

அதனைப் பகிரவே திவான் எனும் பதிவேடு பிறந்தது. பால் மறந்த குழந்தைக்கே கொடுப்பனவு என்ற விதியால் தாய்மார் முன்கூட்டியே பால் மறக்கடிப்பதை அறிந்த கலீபா, பிறந்த நாள் முதலே கொடுக்கக் கட்டளையிட்டார்கள். ஆயினும் திவானில் ஒரு குறையும் இருந்தது. அபூபக்ர் (ரழி) அவர்கள் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்திருக்க, உமர் (ரழி) அவர்கள் இஸ்லாத்தில் முந்தியோருக்குக் கூடுதலாக வகுத்தார்கள். பத்ர் வீரருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். பிந்தியோருக்கு மிகக் குறைவு. செல்வம் ஓரிடத்தில் குவியலாயிற்று. சென்றதைத் திருத்த இயலுமானால் தனவந்தரின் மிகைச் செல்வத்தை எடுத்து முஹாஜிர் ஏழைகளுக்குப் பங்கிடுவேன் என்று அவர்கள் பிற்காலத்தில் கருதியதாகத் தபரி குறிப்பிடுகிறார்.

அந்தக் குவியலைக் கண்டுதான் உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் அபூதர் அல்கிபாரி (ரழி) அவர்கள் ஷாமில் குரலெழுப்பினார்கள். பொன்னையும் வெள்ளியையும் சேமித்து வைப்போரைக் கண்டிக்கும் ஸூறதுத் தவ்பாவின் 34ஆம் வசனம் வேதக்காரரைப் பற்றியது என்றார் ஆளுநர் முஆவியா (ரழி). எம்மையும் சேர்த்துத்தான் என்றார்கள் அபூதர். ஈற்றில் றபதா பாலைவெளியில் தனித்து வாழ்ந்து ஹிஜ்ரி 32இல் மறைந்தார்கள். ஸகாத் கொடுத்த பின் எஞ்சுவது கண்டனத்துக்குரிய சேமிப்பல்ல என்பதே பெரும்பான்மை அறிஞரின் கருத்தாயிற்று. எனினும் ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064), ஸகாத் போதாவிடின் ஏழைகளுக்கு உணவும், மாரி கோடைக்குரிய உடையும், மழை வெயில் தடுக்கும் வீடும் கொடுக்குமாறு ஊர்ச் செல்வந்தரை ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என எழுதினார்.

எவ்வளவு, எவர் திரட்டுவது என்பவற்றிலேயே இவர்கள் முரண்பட்டனர். ஏழைக்குப் பங்குண்டா என்று எவரும் கேட்கவில்லை.

எமது நாட்டில் ஸகாத்தை அரசு திரட்டுவதில்லை. பல இடங்களில் அது இன்னும் றமழானின் கடைசி நாட்களில் தனவந்தர் வாசலில் சில்லறையாகவே பிரிகிறது. 2020 மே 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் அவ்வாறு பணம் பகிரப்பட்ட இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தனர். கொடுக்க மனமிருந்தது; கொடுக்கும் முறை இருக்கவில்லை. திவானில் பெயர் பதியப்பட்டவர் கையேந்தி எவர் வாசலிலும் நிற்கவில்லை. ஒவ்வொரு மஹல்லாவும் தன் வறியோரின் பெயரேட்டை எழுதி, ஸகாத்தை ஒன்றுதிரட்டி, ஒருவருக்குத் தையல் இயந்திரமோ தோணியோ வாங்கிக் கொடுத்து, மறுவருடம் அவர் பெயரை அவ்வேட்டிலிருந்து நீக்க முயன்றாலே அந்த விவாதங்களுக்கு நாம் வாரிசுகள் எனலாம்.