ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்த ஊர்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "புது வீடு, ரெண்டே பேர். மிக்ஸி போதுமா, கிரைண்டரும் வாங்கணுமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நல்ல வரலாறு இருக்கு. அதைச் சொல்லிட்டு பதிலுக்கு வரேன்.

முதலில் ஆட்டுக்கல். உங்க பாட்டி வீட்டுக் கொல்லையில் இப்போ மழைத்தண்ணி பிடிச்சுக்கிட்டு கிடக்குமே, அதுதான். நடுவில் குழி, அதில் ஒரு குழவி. வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைத் தள்ளிவிடும். ஒரு குடும்பத்துக்கு இட்லி மாவு ஆட்டி முடிக்க மணிக்கணக்கா ஆகும். தோள் விட்டுப்போகும். அந்த வேலையைச் செய்தது யார்? ஏறக்குறைய எப்பவுமே வீட்டுப் பெண்கள், இல்லைன்னா கூலிக்கு வந்த பெண்கள். பண்டிகைக்கு முந்தின நாள் மாவு ஆட்டுறதுதான் அவங்களுக்குப் பண்டிகையே.

இந்தக் கல்லுக்கு மோட்டார் வைத்த ஊர் கோயம்புத்தூர். அது தற்செயல் இல்லை. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரி பாகம் வேணும், விவசாயிகளுக்குக் கிணற்று பம்பு வேணும். அதனால பட்டறைகளும் வார்ப்பாலைகளும் வந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே தயாரித்ததுதான் இந்தியாவின் முதல் மின்மோட்டார்னு சொல்வாங்க. ஆக மோட்டார் செய்யத் தெரிந்த கை, கல் கொத்தத் தெரிந்த கை, தினமும் இட்லி கேட்கும் வாய், மூணும் ஒரே ஊரில் இருந்தன. 1955-ல் அந்த ஊர்க்காரரான பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார்.

இதில் ஒரு சின்ன புத்திசாலித்தனத்தைக் கவனிங்க. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் அது தலைகீழ்: அடிக்கல்லோடு சேர்ந்து பாத்திரம் சுற்றும், குழவி தன் இடத்திலேயே இருக்கும். மாவு தானாகவே குழவிக்கு அடியில் போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் அது ஓட்டல் சமையலறையிலிருந்து வீட்டுக்கு வந்தது, சாய்த்து மாவு எடுக்கும் மாடல் வந்தது, மேசை மேல் வைக்கும் மாடலும் வந்தது. 2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கியது. காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கிற அதே மாதிரி அங்கீகாரம், ஒரு சமையலறை எந்திரத்துக்கு!

மிக்ஸியின் கதை பம்பாயில் நடந்தது. சத்ய பிரகாஷ் மாத்தூர் ஒரு என்ஜினியர். அவருடைய மனைவி மாதுரி ஒரு ஜெர்மன் மிக்ஸர் வைத்திருந்தார். நம்ம ஊர் அரைப்பு வேலையில் அதன் மோட்டார் போய்விட்டது. வெளிநாட்டு எந்திரம் பழத்துக்கும் கேக் மாவுக்கும் செய்தது. காய்ந்த மஞ்சளையும் கொத்தமல்லி விதையையும் அது எங்கே தாங்கும்? மாத்தூர் இந்தியச் சமையலைத் தாங்கும் மோட்டார் ஒன்றை உருவாக்கினார். 1963-ல் 'சுமீத்' மிக்ஸி பிறந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல வீடுகளில் கல்யாணச் சீர்வரிசையில் அதுக்கு ஒரு இடம் இருந்தது.

சரி, இதெல்லாம் வந்ததால் என்ன மாறியது? தோள்வலி போனது, அதில் சந்தேகமே இல்லை. "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவரின் பிழைப்பும் கூடவே போனது. அதை யாரும் பெரிசா எழுதி வைக்கலை.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது டிவி விவாதங்களில் "இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்" என்று நிறைய பேசினாங்க. இலவச வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி 'ஊழல் நடவடிக்கை' ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அரசுப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்பது நியாயமான கேள்விதான். ஆனா 'சோம்பேறி' என்ற சொல்லில்தான் எனக்குப் பிரச்சினை. விடியற்காலையில் ஆட்டுக்கல் முன்னாடி உட்கார்ந்தவரைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா?

இன்னொரு பக்கமும் இருக்கு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். வீட்டு எந்திரங்கள் வேலையின் கஷ்டத்தைக் குறைத்தன, ஆனா இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஏன்னா எதிர்பார்ப்பு கூடிவிட்டது, கூட வேலை செய்தவர்கள் விலகிவிட்டார்கள். நம்ம வீட்டிலும் அப்படித்தானே? மிக்ஸி இருக்கிறதால வேளைக்கு ஒரு சட்னி. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களின் கணக்குதான். செய்யாதவர்களை அதில் சேர்க்கவே இல்லை.

இப்போ நேயருக்குப் பதில். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாவு ஆட்டினால் சின்ன மேசை கிரைண்டர் வாங்குங்க. கல் மெதுவா சுற்றுவதால் மாவு சூடாகாது, உளுந்து நல்லா பொங்கி வரும். கரண்ட் பில் பயம் வேண்டாம்: 150 வாட் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். 750 வாட் மிக்ஸி 8 நிமிடம் முழு பலத்தில் ஓடினாலும் அதே 0.1 யூனிட்தான். எப்பவாவது ஒரு தடவைதான் ஆட்டுவீங்கன்னா மிக்ஸி போதும். ஐஸ் தண்ணி ஊத்தி, விட்டுவிட்டு அரைங்க. மிக்ஸி திடீர்னு நின்னுட்டா பதறாதீங்க. கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. பெரும்பாலும் ஓடும்.

எதை வாங்கினாலும் ஒரு விஷயம். கிரைண்டர் சுவிட்சைப் போடுவது யார், ஆட்டி முடிச்சதும் அந்தக் கல்லைக் கழுவுவது யார்? ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் அதைக் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.