சமத்துவபுரம்

பல சாதியினரையும் ஒரே குடியிருப்பில் அக்கம்பக்கத்தாராக வாழவைக்கத் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச வீட்டுத் திட்டம் பெரியார் நினைவு சமத்துவபுரம். 1997இல் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி இதை அறிவித்தார். முதல் குடியிருப்பு 1998இல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது.

திட்டத்தின் பின்னணியில் இருப்பவை தென்மாவட்டச் சாதிக் கலவரங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியங்குளத்தில் காவல்துறையினர் புகுந்து தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடினர். 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு தலித் வீரரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதையொட்டி மோதல் மூண்டது. கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கிவிட்டது. பெயரை எடுத்துவிடலாம்; கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் ‘ஊர்’ ஓரிடத்திலும் ‘காலனி’ வேறிடத்திலுமாகக் கிடக்கும் அமைப்பை அப்படி எடுத்துவிட முடியாது. ஆதிதிராவிடர்களுக்கு அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகளும் பெரும்பாலும் காலனியை ஒட்டியே எழும்பின. பழைய எல்லைக்கு அரசே சிமென்ட் பூசியது போலாயிற்று.

சமத்துவபுரம் ஒன்றில் சுமார் 100 வீடுகள் இருக்கும். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்பது ஒதுக்கீடு. சமுதாயக்கூடமும் சுடுகாடும் அனைவருக்கும் பொது. இவற்றில் துணிச்சலானது சுடுகாடுதான். உயிரோடிருக்கையில் ஒரே தெருவில் நடப்பவர்கள்கூடப் பிணத்தை வேறு பாதையில் கொண்டுபோகும் வழக்கம் கிராமங்களில் உண்டு.

சமுதாயக்கூடம் முகூர்த்த நாளிலும் காதுகுத்துக்கும் திறக்கும். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். ஆட்களை அன்றாடம் கூட்டுபவை தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, அங்கன்வாடி, மகளிர் குழு ஆகியவை. மானாவாரி நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் அடுத்தடுத்து அறுவடைக்கு வருவதால், காயப்போடும் களமும் அத்தகைய இடமே. களத்தில் யாருக்கு எந்த நாள் என்று பேசித் தீர்த்தாக வேண்டும். அந்தப் பேச்சு எந்தத் திறப்பு விழாவைவிடவும் பழக்கத்தை வளர்க்கும். கட்டடங்களுக்குப் பராமரிப்பும் வேண்டும். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் கரிசலில் அஸ்திவாரம் ஆழமாக இல்லாவிட்டால் சுவர் பிளந்துவிடும். பயன்படாமல் போன கூடத்தைப் பூசிமெழுக யாரும் முன்வருவதில்லை.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் ஒப்பிடத்தக்கவை. அங்கு 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு இன விகித வரம்பு உண்டு. வீடு கைமாறும்போதும் அது பொருந்தும். அங்கே காலியாக விடப்பட்ட தரைத்தளத்தில் மலாய்க்காரர் திருமணமும் சீனர் இழவும் நடக்கின்றன. பூட்டே இல்லாத கூடம் அது.

கருணாநிதியின் ஆட்சி போனபோதெல்லாம் தமிழ்நாட்டுத் திட்டம் முடங்கியது. 2006க்குப் பின் மீண்டும் தொடங்கி, இரண்டு கட்டங்களிலுமாக இருநூறுக்கு மேற்பட்ட சமத்துவபுரங்கள் உருவாயின. 2021க்குப் பின் பழைய குடியிருப்புகளைச் சீரமைக்கும் பணி நடந்தது. 2022இல் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில் ஒரு சமத்துவபுரம் திறக்கப்பட்டது.